செருப்பைக் கழட்டுங்க சார்!

கொடைக்கானல் போய் ஏரியில் படகு மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பும் ஆபீஸ் நண்பர்களே! வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்கு வழியாக வெள்ளகவிக்கு இறங்கிப் பாருங்கள். மர வேர்கள்தான் படிக்கட்டு. உச்சி வெயிலிலும் சோலை நிழல் ஜிலுஜிலு. கரண்ட் பில் கிடையாது! 2018-ல் நான் மூச்சிரைக்க இறங்க, காப்பிக்கொட்டை மூட்டையோடு வெறுங்காலில் ஏறி வந்தார் ஒரு பெரியவர்.

''என்ன சோலியா வந்தீக தம்பி?''

''சும்மா நடக்கத்தான், ஐயா.''

''சும்மாவா? மளிகை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் எங்களுக்கு இதாம்ப்பா ரோடு!''

அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒருநாள் உல்லாசம். அவருக்கு அது பிழைப்பு.

ஊரே கோயில் என்பதால் வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நீங்களும் கழட்டிவிடுங்கள். அவர்களிடமே காப்பிக்கொட்டை வாங்குங்கள். பிஸ்கட் கவர்? பேன்ட் பாக்கெட் எதற்கு இருக்கிறது!