எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?

பதுளை பஸ் நிலையத்தில் இராத்தங்கும் வயசாளிகளிடம் "வீடு எங்கே?" என்று நான் கேட்பதில்லை. அதற்குப் பெரும்பாலும் பதில் வராது, தலை குனிந்துவிடும். "எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?" என்று கேட்டால் லயத்து நம்பர், பழைய கங்காணி, மாரியம்மன் திருவிழா என்று பேச்சு தானாக இறங்கி வரும். உதவி அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்க முடியும்.

விடிகாலையில் வாசலைக் கழுவ வரும் கடை முதலாளிக்கு இவர்கள் குடிகாரர்கள், இல்லாவிட்டால் சோம்பேறிகள். குடி இல்லை என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் தோட்டத்தில் வேலையும் கூரையும் ஒரே முடிச்சு. செக்றோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பட்டியலில், பேர் இருக்கும்வரை காம்பரா, அதாவது லயத்து வரிசையில் ஓர் அறை. பேர் போன பிறகு மகன் பேரிலோ மருமகள் பேரிலோ ஒண்டிக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் மூன்று தலைமுறை படுத்தால், கிழவர் வெளியேற ஒரு சண்டை போதும். எழுபது வயதுவரை உழைத்தவருக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட இல்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஏச்சுக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1841இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் சட்டம் இந்த நூற்றாண்டிலும் நீடித்தது. 1973, 74 பஞ்சத்தில் பட்டினி பொறுக்காமல் தோட்டங்களிலிருந்து மலையக நகரங்களுக்கு இறங்கி வந்து கையேந்தியவர்களும் நேற்றுவரை கொழுந்து பறித்தவர்கள்தான்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபோது நாடே அழுதது. உடுப்பும் உலர் உணவும் வந்து குவிந்தன. ஆனாலும் தப்பியவர்கள் புது வீட்டுச் சாவியை வாங்கியது 2016இன் பிற்பகுதியில்தான். அதுவரை பலருக்கு மாகல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலைதான் வீடு. மண் சரிந்து வீடு போனவருக்கு அனுதாபம், பேர் போய் வீடு போனவருக்கு ஏச்சு. இரண்டு பேரும் ஒரே மாதிரி லயத்தில் பிறந்தவர்கள்தானே!

வெசாக் நாளில் தன்சலின் இலவசச் சாப்பாட்டில் பஸ் நிலையத்து வயசாளிகளுக்கும் வயிறு நிறையும். நான் போவது மற்ற நாட்களில். நின்றுகொண்டு பேசமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் ஒரு பிளேன்டீ. போட்டோ எடுக்கவே கூடாது. மழைக்காலத்தில் பருத்திப் போர்வை கொடுத்தால் ஒரே இரவில் நனைந்து சுமையாகிவிடும். கம்பளித் தொப்பியும் தரையில் விரிக்க ஒரு பொலித்தீன் விரிப்பும் அதைவிட உதவும்.

பெரிய வேலை கடதாசி வேலை. அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் கிராம சேவகரின் உறுதியும் வேண்டும். விலாசம் இல்லாதவருக்குக் கிராம சேவகர் யார்? அதற்குத்தான் அந்த டிவிசன் பெயர். அட்டை இல்லாமல் முதியோர் கொடுப்பனவையோ அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவியையோ பெறுவது கடினம். சேமலாப நிதிப் பணத்தை எடுக்காமலே தோட்டத்தை விட்டு வந்தவர்களும் உண்டு. தோட்டத்துக் கிளாக்கர் "முத்தாய்" என்று எழுதியிருப்பார், அட்டையில் "முத்தாயி" இருக்கும். அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறில்லை.

"அய்யா, என்னைத் திரும்ப லயத்துக்கு அனுப்பிடாதீங்க" என்று கெஞ்சியவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். முதியோர் இல்லமா, தெரிந்தவர் வீடா, இன்னொரு மகளிடமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான், நாமல்ல. சேர்த்துவிட்டோம் என்று கைகழுவாமல் அடுத்த மாதமும் போய்ப் பார்க்க வேண்டும்.

பதுளையிலோ பண்டாரவளையிலோ ஹாலிஎலையிலோ கடை வாசலில் ஒருவர் படுத்திருந்தால் நூறு ரூபாயைப் போட்டுவிட்டு நகராதீர்கள். எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். பெயரையும் டிவிசனையும் எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.