காற்றும் கணக்கும்

1996 இல் கனடா வந்த புதிதில் ஒன்ராறியோவில் ஒரு பண்ணையில் வேலை செய்தேன். அங்கே பழைய நாலு சில்லு மோட்டார் வண்டி ஒன்று நின்றது. பெற்றோல் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். எஞ்சினைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தருவது என்ற நினைப்பு.

முதலாளியைக் கேளாமல், என் காசில் புது எயார் பில்டர் வாங்கி, பெட்டி மூடியையும் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டினேன். காற்றுக் கூடினால் இழுவையும் கூடும் என்பது என் கணக்கு. நடந்தது வேறு. இழுவை குறைந்தது; வேகத்தைக் குறைத்தால் சைலன்சரில் வெடிச்சத்தம். சோக்கைச் சற்று இழுத்தால்தான் ஒழுங்காக ஓடியது.

கராஜ்காரர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பு வெள்ளை.

"காற்றைக் கூட்டினாய், பெற்றோலைக் கூட்டினாயா? இப்படியே ஓடினால் சூட்டில் பிஸ்டன் போய்விடும்."

பெரிய மெயின் ஜெட் போட்டு, பிளக் மண்ணிறமாகும்வரை சரிபார்த்தோம். வேலை போய்விடும் என்ற பயத்தோடுதான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கராஜ் காசை மட்டும் சம்பளத்தில் கழித்தார்.

புதிதாக வந்த தம்பிமாருக்கு ஒன்று. பெட்டியும் மூடியும் அப்படியே இருக்கப் பில்டரை மட்டும் மாற்றினால், பெரும்பாலும் ஜெட் மாற்றத் தேவையில்லை. மூடியைக் கழற்றினால் பிளக்கைப் பாருங்கள். குளிர்காற்று அடர்த்தி கூடியது. கோடையில் சரியாயிருந்த ஜெட் பனிக்காலத்தில் போதாமல் போகலாம். தெரிந்த தொழில்தான், ஆனாலும் புது இடத்தில் ஒருமுறை கேட்டுச் செய்வதில் வெட்கமில்லை.