கண்டியின் கடல் வாசல்

பல்லேகல என்றதும் இன்று பலருக்கும் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். அதன் பக்கத்து ஊரான குண்டசாலையோ அரண்மனை கண்ட ஊர். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் அங்கேயே மாளிகை அமைத்து வாழ்ந்ததால் ‘குண்டசாலை அரசன்’ என்றே பெயரெடுத்தான். மலையும் மகாவலியும் காவல் நின்ற அந்த அரசுக்குக் கடல் ஏது என்று கேட்கத் தோன்றும். கடலுக்கும் அதற்கு ஒரு வாசல் இருந்தது. பகல் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துக்கொண்டு கிழக்கே காரை விட்டால், பொழுது சாயும் வேளைக்கு அங்கே போய்விடலாம். அதுதான் மட்டக்களப்பு.

திகன கடந்ததும் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படும். பழைய தெல்தெனிய நகரம் 1980களில் அதற்குள்தான் மூழ்கியது. உன்னஸ்கிரிய தாண்டினால், ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற, சுற்றிச் சுற்றி இறங்கும் பாதை. அடிவாரத்தில் மகியங்கனையும் அதன் பழம்பெரும் தாதுகோபமும். அப்புறம் பதியத்தலாவ, மகா ஓயா, செங்கலடி என்று சமவெளிப் பயணம். ஏறாவூர் தாண்டும்போதே வாவிக் காற்று முகத்தில் அடிக்கும்.

மட்டக்களப்புக் கரையிலிருந்து கண்டிக்குப் போன டச்சுக்காரர் கதை 1602இல் தொடங்குகிறது. டச்சுக் கப்பற்படைத் தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் அந்த ஆண்டு இங்கே கரையிறங்கி, கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். போர்த்துக்கேயரை விரட்ட ஒரு துணை தேடிக்கொண்டிருந்த அரசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. டச்சுக்காரர் கோட்டை கட்ட முன்வந்தால் தானும் அரசியும் பிள்ளைகளும் கல் சுமப்போம் என்றானாம்.

ஆனால் மட்டக்களப்பில் கல் அடுக்கி முந்திக்கொண்டவர்கள் போர்த்துக்கேயர். 1628இல் புளியந்தீவில் எழுந்த கோட்டையின் நோக்கம், கண்டியின் கடல் வாசலை அடைப்பது. பத்தே ஆண்டில் அது கைமாறியது. 1638 மார்ச்சில் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை முறியடித்த இரண்டாம் இராஜசிங்கன், மே மாதம் டச்சுத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் சேர்ந்து மட்டக்களப்பைப் பிடித்தான். கோட்டை விழுந்த சில நாளில், மே 23ஆம் தேதி, இங்கேயே உடன்படிக்கை ஒப்பமானது. டச்சுக்காரருக்குக் கறுவா வணிகம், அரசனுக்குப் படைத்துணை என்பது அதன் சாரம்.

வில்லங்கம் மூன்றாம் பிரிவில் இருந்தது. பிடிக்கும் கோட்டைகளில் டச்சுப் படை நிற்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்றது அரசனிடம் இருந்த பிரதி. டச்சுக்காரர் பிரதியில் அந்த நிபந்தனையே இல்லை. 1656இல் கொழும்பு விழுந்தபோது அதைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் இன்றும் சொல்வது இதைத்தான்.

மட்டக்களப்புக் கோட்டை சிறியது. நான்கு மூலையிலும் கொத்தளங்கள். இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிற்காலத்தில் நெடுநாள் இதற்குள்தான் கச்சேரி என்னும் அரசு அலுவலகம் இயங்கியது. மதிலேறி வாவியைப் பார்த்தால், இத்தனை சிறிய கட்டடத்துக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது புரியும். இந்தப் பக்கம் வாவியில் வரும் படகு இதன் பீரங்கிகளுக்குத் தப்பியிருக்காது.

ஆங்கிலேயர் வருமுன்பே, 1766இல், கண்டிக்குக் கடல் வாசல் முற்றாக அடைபட்டது. அப்போது கண்டியை ஆண்டவன் நாயக்கர் வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். டச்சுக்காரருடன் போரிட்டுச் சோர்ந்த அவன், தீவின் கரையோரம் முழுவதையும் அவர்களுக்கு எழுதிக்கொடுக்க நேர்ந்தது. கடற்கரையில் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமை மலைநாட்டாருக்குச் சலுகையாகத்தான் கிடைத்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள், 1815இல், கண்டி அரசே முடிந்தது.

மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாக் கடற்கரைக்குக் கடல் குளிக்க வருகிறவர்கள் இந்தக் கோட்டையை ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கண்டி இராச்சியத்தின் வரலாறு தலதா மாளிகையோடு முடிவதில்லை. அந்த மாளிகையைப் பார்த்தவர்கள் இந்த மதிலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அதுவும் மலையிலிருந்து இறங்கும் இந்தப் பாதை வழியாகவே வந்து.