பலா மரத்தடியில்

மடவளையில் எங்கள் வளவின் மூலையில் நிற்கும் பலா, வாப்பா நட்டது. அவர் மறைந்தபின் உம்மா அதனடியைக் கூட்டாத நாளில்லை. சென்ற மாரியில் ஒருநாட் காலை, விளக்குமாற்றுடன் திகைத்து நின்றார். விரலளவுப் பிஞ்சுகள் பல கறுத்து உதிர்ந்து கிடந்தன; சிலவற்றின்மேற் சாம்பல்நிறப் பஞ்சு படர்ந்திருந்தது.

மரத்துக்கு நோய் வந்துவிட்டது, மற்றவற்றுக்கும் தொற்றுமுன் வெட்டிவிட வேண்டும் என்றார் அயல்வீட்டு நானா. அவரைக் குறைகூற முடியாது. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு என்னும் பங்கசு நோய், இம்மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்த கதையை இங்கு அறியாதவர் யார்? பலகைக்கு விலைபேசவும் ஒருவர் வந்துவிட்டார். (பலாப்பலகை என்றால் ஆட்கள் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ!) 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலாவை வெட்ட அனுமதி வேண்டும். விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் முன் பேனா ஓடவில்லை. மறுநாள் விவசாயப் போதனாசிரியரை அழைத்து வந்தேன்.

அவர் உதிர்ந்தவற்றைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்திலே தனித்தனியாகத் தோன்றும். ஆண் கொத்து சிறியது, காம்பும் மெல்லியது. மகரந்தத்தை உதிர்த்ததும் கறுத்து, பூஞ்சணம் பிடித்து விழுவது அதன் இயல்பு. பெண் கொத்தோ அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் வருவது. அதன் தடித்த காம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதுவே பொலஸாகிப் பின் பழமாவது. நாங்கள் பிஞ்சென்று கலங்கியவற்றிற் பெரும்பாலானவை பிஞ்சுகளே அல்ல!

ஆயினும் அடிமரத்தை நெருங்கியதும் அவர் முகம் மாறிற்று. மெய்யான பிஞ்சுகள் இரண்டில், காம்போரம் கபிலநிறமாகி நீர்கோத்து மெத்தென்றிருந்தது. மேலே வெண்ணிழைகளும் கரும்பொடியும். இது றைசோப்பஸ் என்னும் பங்கசு, பழைய பாணிற் பூக்கும் பூஞ்சணத்தின் இனம். ஈரமும் காற்றோட்டமில்லா நெருக்கமும் அதற்கு வாய்ப்பானவை. ஆண் கொத்தில் வளர்வதும் இதுவே. ஆகையால் உதிர்ந்ததை மரத்தடியில் விட்டுவைத்தால் நல்ல பிஞ்சுக்கும் பரவும். அழுகியவற்றைப் பறித்துப் புதைத்தோம். நிழல் அடைத்த சிறுகிளைகளைக் கழித்தோம். மீண்டும் பரவினால் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைத் தெளிக்கலாம் என்றார்.

இப்போது உம்மா விழுந்த ஒவ்வொன்றையும் எடுத்துக் காம்பில் வளையம் உண்டா என்று பார்த்தே புதைக்கிறார். அடிமரத்தில் ஏழு காய்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று அயல்வீட்டு நானாவுக்கென்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார்.