ஆடு கடிக்காத வெள்ளாமை

கரிசல் காட்டில் வேலி கிடையாது. அறுப்பு முடிந்த புஞ்சைகளில் வெள்ளாடும் செம்மறியும் கூட்டங்கூட்டமாக அலையும். அந்தக் காட்டில் காவல் இல்லாமல் ஒரு வருசம் முழுக்க நிற்கிற வெள்ளாமை நித்தியகல்யாணி. இலையில் அத்தனை கசப்பு, நஞ்சும்கூட. ஆடுமாடு வாய் வைக்காது.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு மேட்டுப் புஞ்சை. சித்திரை வெயில். சுற்றிலும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, இங்கே மட்டும் மண் தெரியாமல் வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. முழங்கால் உயரச் செடிகளுக்குள் குனிந்து பெண்கள் இலை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

வறட்சி தாங்கும் செடிதானே, எங்கே போட்டாலும் வருமே என்று கேட்டேன். நிலத்துக்காரர் மறுத்தார். “தண்ணி இல்லேன்னா தாங்கிக்கிடும் தம்பி. தண்ணி நின்னா செத்துப்போவும்.” கனத்த கரிசல் அடைமழையில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் அழுகும், நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். அதனால்தான் கரிசலுக்கு நடுவே செவல் கலந்த, சரிவான மேட்டைத் தேர்ந்திருக்கிறார். இந்தப் பயிரின் பாதி வித்தை அந்தத் தேர்வில் இருக்கிறது.

ஐப்பசி ஈரத்தில் விதைப்பு. நேரடியாக விதைக்க ஏக்கருக்கு 1 கிலோ விதை போதும். விதை மிகப் பொடி என்பதால் பத்து மடங்கு மணல் கலந்து தூவுகிறார்கள். ஆழப் புதைந்தால் முளைக்காது. வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி இருக்கும்படி ஒரு மாதத்தில் கலைத்துவிட்டு, களையெடுக்க வேண்டும். அடுத்த களை இரண்டு மாதம் கழித்து. பிறகு செடியே பரந்து நிலத்தை மூடிக்கொள்ளும். களைக்கு இடமில்லை.

ஆறாம் மாதம் முதல் பறிப்பு, ஒன்பதாம் மாதம் இரண்டாவது. வருசம் முடிகையில் தரைக்கு மேல் நாலு விரல்கடை விட்டுத் தண்டை வெட்டி, வேரைத் தோண்டுவார்கள். இலையை நிழலில் பரப்பிப் பச்சை மாறாமல் உலர்த்த வேண்டும். கறுத்துப்போனால் விலை இறங்கும். இலை உருவிய கையை எத்தனை தரம் கழுவினாலும் மத்தியானச் சோறு கசக்கிறது என்றார் ஓர் அக்கா. யார் கையிலும் உறை இல்லை.

இந்த இலை எதற்குப் போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மடகாஸ்கரில் பிறந்த செடி இது. சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாக இருந்ததால், கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. செடியிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தார்கள். பின்னால் வின்கிரிஸ்டின் வந்தது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் தரப்படுகிற மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வேரிலிருந்து எடுக்கும் அஜ்மலிசின் ரத்த ஓட்டக் கோளாறுகளுக்குப் பயன்படுகிறது.

கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நிமிர்ந்தார். “பிள்ளைக பொழச்சிருதா?” முறையாக மருத்துவம் பார்த்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன என்றேன். “நல்லாருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்தார்.

இதைப் படித்துவிட்டு வீட்டுத் தொட்டியில் இருக்கும் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிட வேண்டாம். ஆலையில் பிரித்து, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றினால்தான் மருந்து.

மானாவாரிச் சம்சாரி விதைக்கிறபோது என்ன விலை கிடைக்கும் என்று தெரியாமலே விதைக்கிறார். உலர்ந்த இலை மூட்டையாகி நிற்கையில் வியாபாரி சொல்வதுதான் விலை. பறிப்புக் கூலியும் அதிலிருந்துதான். மருந்து நிறுவனங்கள் ஐப்பசிக்கு முன்பே விலையை எழுத்தில் தந்து, அதில் பறிப்பவர்களின் கூலியையும் சேர்க்க வேண்டும். முதல் வேலையாக, அடுத்த பறிப்புக்குள் அந்தப் பெண்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்கட்டும்.