எந்தக் கரை உசத்தி?

சிங்கப்பூரில் பாதி, ஜோகூரில் பாதி என்று வாழும் குடும்பம் எங்களுடையது. இரண்டு பக்கத்தார் கையிலும் இருப்பது சிவப்புக் கடப்பிதழ்தான். முகப்பில் உள்ள சின்னம் மட்டும் வேறு. தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ கூடினால், பந்தி முடிந்து எல்லாரும் சாய்ந்து உட்காரும் நேரத்தில் அந்தப் பழைய வழக்கை யாராவது எடுத்துவிடுவார்கள். எந்தக் கரையில் வாழ்க்கை நல்ல வாழ்க்கை?

மாசாயில் தரை வீடு வைத்திருக்கும் மாமாதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார். “உங்க வீடு தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகைப்பா. என் வாசல்ல நிக்கிற மாமரம்கூட எனக்குச் சொந்தம்.” ஈசூனில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த என் அண்ணன் மகள் விடமாட்டாள். “உங்க வாசல்ல மூணு பூட்டும் இருக்கு மாமா. நான் ராத்திரி ஒரு மணிக்கு வேலை முடிஞ்சு தனியா நடந்து வீட்டுக்கு வரேன்.” அக்கா நடுவில் புகுந்து, அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டினால் மருந்தோடு திரும்பலாம் என்பாள். அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாரோ கேட்பார்கள். காபி வரும்வரை இது ஓடும்.

இதில் பொய் சொல்பவர் யாருமில்லை. தனிநபர் வருமானக் கணக்கில் சிங்கப்பூர் மலேசியாவைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. சராசரி ஆயுள் அங்கே 83 வயதை ஒட்டியது, மலேசியாவில் 75. ஆனால் அதே சிங்கப்பூரில் ஒரு காரைப் பத்து ஆண்டு சாலையில் ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ் மட்டும் 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. சிறிய கார்களுக்கான பிரிவில்கூட அதே நிலைதான். காரின் விலை அதற்குமேல். ஜோகூரில் சாதாரண ஆசிரியர் குடும்பத்தின் வாசலில் இரண்டு கார் நிற்கும். பத்திரமான தெரு வேண்டும் என்பவரும், மரம் நட ஒரு துண்டு மண் வேண்டும் என்பவரும் வேறு வேறு ஆசைகளைச் சொல்கிறார்கள். அதற்குத் தீர்ப்பு எழுத வேண்டிய தேவையே இல்லை.

எனக்கு வலிப்பது அடுத்த கட்டம். வீடு, கார், மருத்துவம் என்று பொருள்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த பேச்சு, எப்போது என்று தெரியாமல் மனிதர்கள்மேல் திரும்பிவிடும். மலேசியாக்காரன் சோம்பேறி, எதைக் கேட்டாலும் “தீடாக் அப்பா”, அதாவது பரவாயில்லை, என்று கையை விரிப்பவன், நாளை பார்க்கலாம் என்பவன். சிங்கப்பூர்க்காரன் கியாசு, அதாவது எதிலும் பிந்திவிடுவோமோ என்று பதறுபவன், காசுப் பேய், சிரிக்கத் தெரியாதவன், வெள்ளியின் மதிப்பைக் காட்டி நெடுஞ்சாலையில் பறப்பவன். சாப்பாட்டில்கூட இந்தச் சண்டை உண்டு. சிங்கப்பூர் தன் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்போவதாக 2018இல் அறிவித்தபோது மலேசியச் சமையல்காரர்கள் பலர் பொங்கினார்கள். 2020இல் அது பட்டியலில் ஏறியது. 2024இல் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக்கோடு மலேசியாவின் காலை உணவுக் கலாசாரமும் அதே பட்டியலில் ஏறியது. அந்த ரொட்டியை வீசியவர்களும் தேநீரை ஆற்றியவர்களும் இரண்டு கரையிலும் நம் தமிழ் முஸ்லிம்கள்தாம் என்பதை இந்தச் சண்டையில் யாரும் நினைப்பதில்லை.

சோம்பேறி, காசுப் பேய் என்ற இந்த வசைகளுக்கு வயது அதிகம். சமூகவியலாளர் சையது உசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை’ நூலைப் படித்தவர்களுக்கு இவை எங்கிருந்து வந்தவை என்பது தெரியும். மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி ஆனால் பணத்தாசை பிடித்தவர், தமிழர் அடங்கி நடக்கும் கூலி: காலனித்துவ அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் எழுதி வைத்த கணக்குப் புத்தகம் இது. மலாய்க் குடியானவருக்குச் சொந்த வயலும் படகும் இருந்தன. துரை சொன்ன கூலிக்குத் துரை சொன்ன நேரத்தில் ரப்பர் தோட்டத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்த மறுப்புக்குத்தான் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள் என்பது அலத்தாஸின் வாதம். கட்டாயத்தில் சிக்கியிருந்த நம் பாட்டனார்களின் உழைப்புக்கும் துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் மதிப்பில்லை. பணிவு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் குடியிருப்போரில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சீனர். மலேசியாவில் மலாய்க்காரரும், மண்ணின் மைந்தர் எனப்படும் பிற பூமிபுத்திராக்களும் பெரும்பான்மை. இன்று நாட்டின் பெயரால் வீசப்படும் வசையை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது துரைமாரின் அதே இனக் கணக்குதான். ஒரே கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்கிறோம். அலத்தாஸ் ஏறக்குறைய இருபது ஆண்டு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்தவர். பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இரண்டு கரையிலும் அவர் மாணவர்கள் இருக்கிறார்கள். அவருடைய நூல் இரண்டு நாட்டுப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவசரமும் நிதானமும் இரத்தத்தில் வருபவை அல்ல. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் குடிக்கப் போதிய தண்ணீர்கூட இல்லை. அதற்குள் பிரிட்டிஷ் படைகளும் கிளம்பின. 1971 முடிவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் எத்தனையோ. வேலையும் போய், குடியிருப்பும் போய், சிலர் ஊருக்கே கப்பலேறினார்கள். அப்படி ஒரு பயத்தில் வளர்ந்த தலைமுறை ஓடத்தான் செய்யும். மலேசியாவிடம் நிலம் இருந்தது, ஈயம் இருந்தது, ரப்பர், செம்பனை, பிறகு எண்ணெய். ஆனால் 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பூமிபுத்திராக்களை மேலே கொண்டுவருவதைக் குறியாகக் கொண்டபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் ஒருசேர இழந்த தமிழர்கள் அதன் ஓரத்தில் நின்றார்கள். ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டியவர்கள் எல்லாரும் வெள்ளிக்கு ஆசைப்பட்டு மட்டும் தாண்டவில்லை. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு இடமில்லை என்று பட்டதால் தாண்டியவர்கள் ஏராளம். இதைச் சொல்லாமல் மலேசியாவின் நிதானத்தைப் புகழ எனக்கு மனம் வராது.

பிரிந்த வீட்டில் பாத்திரம் பண்டம் பங்குபோடுவது போலத்தான் இரண்டு நாடும் அறுபது ஆண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. 1973 வரை ஒரு வெள்ளிக்கு ஒரு ரிங்கிட் சமம். ஒரு நாட்டு நோட்டை மறு நாட்டுக் கடையில் நீட்டலாம். 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேல். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி காலன் நீர் வரை எடுக்கலாம், ஆயிரம் காலனுக்கு மூன்று சென். அதைச் சுத்திகரித்து ஒரு பகுதியை ஜோகூருக்கு ஆயிரம் காலன் 50 சென்னுக்குத் திருப்பி விற்கிறது. ஏமாந்தோம் என்கிறது மலேசியா. சுத்திகரிக்கும் செலவே அதைவிட அதிகம், நட்டத்துக்கு விற்கிறோம் என்கிறது சிங்கப்பூர். ஒப்பந்தம் 2061 வரை உண்டு. மலேசியக் கிண்ணப் பந்தாட்டத்தில் ஒரு மாநிலம்போல ஆடிவந்த சிங்கப்பூர், 1994இல் கோப்பையை வென்றபின் விலகியது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பியபோது, வழியனுப்ப வந்த கூட்டத்தில் இரண்டு நாட்டவரும் அழுதார்கள்.

இத்தனை பிரிவினைக்குப் பிறகும் பிரிக்க முடியாமல் நிற்பது அந்த ஒரு கிலோமீட்டர்க் கடற்பாலம். 1924இல் திறந்தது. பெருந்தொற்றுக்கு முந்தைய நாள்களிலேயே தினமும் மூன்று லட்சம் பேர் அதைக் கடந்தார்கள். விடியற்காலை நான்கு, நாலரை மணிக்கு ஜோகூர் பாருப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், கண்ணுக்கெட்டிய வரை. மழைக்கோட்டை முன்பக்கம் திருப்பி மாட்டியவர்கள், கடப்பிதழைப் பிளாஸ்டிக் உறையில் கழுத்தில் தொங்கவிட்டவர்கள், பின்னிருக்கையில் தலைக்கவசத்தோடு கண்ணயரும் மனைவிமார். இஞ்சின் சூட்டிலும் புகையிலும் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, குடிநுழைவுச் சாவடி தாண்டி, ஆறரை மணிவாக்கில் துவாஸிலோ உட்லண்ட்ஸிலோ தொழிற்சாலை வாசலை அடைவார்கள். வண்டியை நிறுத்தி அதன்மேலேயே சாய்ந்து கொஞ்சம் தூங்குவார்கள். எட்டு மணிக்கு வேலை. திரும்பி வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

மலேசியாக்காரன் சோம்பேறி என்று சொல்பவரை ஒரே ஒரு விடியற்காலை அங்கே கூட்டிப்போனால் போதும். மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வெள்ளியில் ஐந்நூற்றுச் சொச்சம். அக்கரையில் அதைப்போலப் பல மடங்கு கிடைக்கிறது என்பதற்காக அவர்கள் கொடுக்கும் விலை தூக்கம். வேலை அனுமதியில் வந்து போகிறவருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேம நிதியில் முதலாளியின் பங்கு சேராது. முதுமைக்குச் சேர்ப்பது அவர் பாடு. சிங்கப்பூரின் பேருந்துகளை ஓட்டுவோரில், மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் தாதியரில், கட்டடங்களைக் காவல் காப்போரில் இவர்கள் நிறையப் பேர். என் அண்ணன் மகள் பயமில்லாமல் நடந்து வரும் அந்த இரவுத் தெருவுக்குக் காவலிருப்பவர் மாசாயிலிருந்து வந்தவராக இருக்கலாம். மாமாவின் தெருவில் புதிதாக எழும்பும் மாடிகளில் பாதி சிங்கப்பூர்ச் சம்பளத்தில் எழும்புபவை.

காசுப் பேய் என்ற பட்டமும் இதேபோல் நிற்காது. வார இறுதியில் ஜேபி எனப்படும் ஜோகூர் பாருவுக்குப் படையெடுக்கும் சிங்கப்பூரர்கள் பெரும்பாலும் பகட்டுக்குப் போவதில்லை. பால் மாவு, மளிகை, மூக்குக் கண்ணாடி, பல் வைத்தியம், முடிவெட்டு என்று வீட்டுச் செலவைக் குறைக்கத்தான் போகிறார்கள். உணவங்காடிகளில் தட்டெடுக்கும் முதியவர்களைப் பாருங்கள்; எழுபது வயதிலும் வேலைக்கு நிற்பவர்கள் அவர்கள். பிள்ளை பெற்று வளர்க்க நேரமில்லை, இடமில்லை, தெம்பில்லை என்று இளம் தம்பதிகள் சொல்வதன் விளைவு, 2023இல் அந்நாட்டுக் கருவள விகிதம் 0.97க்கு இறங்கியது. இது பேராசைக்காரர்களின் வாழ்க்கையா? மூச்சு வாங்க நேரமில்லாதவர்களின் வாழ்க்கை என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டு கரையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தன என்பது, பெருந்தொற்றில் பாலம் மூடியபோது எல்லார்க்கும் விளங்கியது. 2020 மார்ச் 18 முதல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. முந்தைய இரவு, துணிப்பையோடு ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூருக்குள் வந்தார்கள். தங்க இடமில்லாமல் சிலர் ரயில் நிலையங்களுக்கு அருகே படுத்தார்கள். இரண்டு வாரம் என்று நினைத்தது நீண்டுகொண்டே போனது. தரைவழி பழையபடி முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆகிவிட்டது. ஜேபியில் கடைகள் வரிசையாக மூடின. சிங்கப்பூரில் ஆளில்லாமல் நிறுவனங்கள் தவித்தன. எங்கள் உறவில் ஒருவர், கடற்பாலம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து, தாயின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தார். அந்த இரண்டு ஆண்டில் எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கரை உசத்தி என்று பேசவில்லை.

தமிழர் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தோன்றும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. நாணயத்தில், ரயில் நிலையப் பலகையில், நாடாளுமன்றத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் குடியிருப்போரில் 2.5 விழுக்காடு. தமிழ்வழிப் பள்ளி ஒன்றுகூட இல்லை. மலேசியாவில் தமிழுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, சண்டை போட்டுக் காத்தவை. தைப்பூசத்துக்கு ஜோகூரில் விடுமுறை. சிங்கப்பூரில் 1968இல் எடுத்துவிட்டார்கள், காவடி எடுப்பவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு கரையில் இருப்பது மறு கரைக்குத் தேவைப்படுகிறது. பிள்ளைகளைப் பள்ளி விடுமுறைக்கு அங்குமிங்கும் அனுப்பிப் பழக்குவதை நம் குடும்பங்கள் விட்டுவிடக் கூடாது.

இப்போது ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் விரைவு ரயில் பாதை அமைத்திருக்கிறார்கள். மணிக்கு ஒவ்வொரு திசையிலும் பத்தாயிரம் பேர், பயணம் ஐந்தே நிமிடம் என்பது திட்டம். அறுபது ஆண்டில் இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன். ஆனால் ரயில் ஓடும் நேரம் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை என்று அறிவித்திருக்கிறார்கள். நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் நிற்பவருக்கு அது உதவாது. முதல் ரயிலை இன்னும் முன்னதாக விடுங்கள். கட்டணத்தைத் தினமும் போய்வரும் தொழிலாளியின் பணப்பைக்கு ஏற்ப, மாதச் சீட்டாக வையுங்கள். இரு கரையிலும் வாக்குரிமை உள்ளவர்கள் அவரவர் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டும்.