மாமி கேட்ட கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. தாய்மார் கட்டாயம் வாசியுங்கள். வாப்பாமாரும் வாசித்தால் நல்லது, படிவத்தில் கையொப்பம் வைப்பது நீங்கள்தானே.

எங்கள் மாமி மௌத்தாகி நான்கு வருடம். வயது 56தான். மாதவிடாய் நின்று ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு அவருக்குத் திரும்பவும் இரத்தம் பட்டிருக்கிறது. மாமி டொக்டரிடம் போகவில்லை. மார்க்கம் படித்த ஒரு பெண்ணிடம் போய், "இப்பிடிப் படுது, நான் தொழலாமா, நோன்பு புடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். பதிலும் கிடைத்தது. அந்த இரத்தம் ஏன் வருகிறது என்பது கேட்டவருக்கும் தோன்றவில்லை, சொன்னவருக்கும் தோன்றவில்லை. முசல்லா சில நாட்கள் மடித்தபடியே கிடந்ததை நாங்களும் கண்டோம். வெட்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து மஹரகமைக்குக் கொண்டுபோனபோது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் சிறுநீர்ப்பைவரை பரவியிருந்தது.

அதைவிட வலித்தது ஜனாஸா வீட்டில் காதில் விழுந்த பேச்சு. "அது நடத்தை சரியில்லாத ஆக்களுக்கு வாற வருத்தமாமே" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். மாமாவைத் தவிர வேறொரு ஆணின் முன்னால் முக்காடு இல்லாமல் நின்றிராத மாமியைப் பற்றி!

அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறோம். இந்தப் புற்றுநோய் வந்த பெண்களைச் சோதித்தால் கிட்டத்தட்ட எல்லாரிடமும் எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கும். பத்தில் ஏழு பேரளவில் அதற்குக் காரணம் 16, 18 என்று எண் போட்ட இரண்டு வகைகள். தாம்பத்திய உறவில் தொற்றும் வைரஸ் என்பது உண்மை. ஆனால் ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரலாம், வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் சத்தமில்லாமல் தங்கி, கலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். புற்றுநோயாக மாற 15, 20 வருடம்கூட எடுக்கும். 56 வயதில் தெரிந்த நோய் எந்த வயதில் உள்ளே வந்ததோ! இதில் நடத்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இனி எங்கள் பிழை.

நம் நாட்டில் 2017இலிருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு இந்த வைரஸுக்கான ஊசியைப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் அந்த வயது. எங்கள் பாடசாலையில் முதல் வருடம் 31 படிவம் கொடுத்தோம். 14தான் கையொப்பத்தோடு வந்தது. தரம் 7இல் போடும் ஏற்பு ஊசிக்கு ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. இதற்கு மட்டும், "வாப்பா சைன் வைக்க மாட்டாராம் டீச்சர்." பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வொய்ஸ் சுற்றியது: இந்த ஊசி போட்டால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பிள்ளை கிடைக்காதாம், நம் சமூகத்தைக் குறைக்கிற திட்டமாம்.

நாங்கள் கேட்டோம், பதில் போடவில்லை. எங்களில் ஒருவர் "உண்மையா இது?" என்று இன்னொரு குழுவுக்கும் அனுப்பிவிட்டார். வராத படிவங்களுக்கு "விருப்பமில்லை" என்று எழுதி பிஎச்ஐ சேரிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். கல்வியியல் கல்லூரியில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். நாங்களும் அதே வழியில்தான் போனோம்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மவர் ஒருவரின் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு கதை. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் விடவில்லை. பிறகு அரச பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று வந்தது. மலடாக்குகிறார்கள் என்ற பொய்யால் அடி வாங்கிய நாங்கள், அதே பொய்யை வொய்ஸாக நம்பி எங்கள் பிள்ளைகளின் ஊசியைத் தடுத்தோம். இந்த ஊசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மாமி போன பிறகு, மாமியின் மகளிடம் சம்மதம் கேட்டு, பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னோம். மிட்வைஃப் மிஸ்ஸும் வந்து பேசினார். போன முறை 29இல் 27 படிவம் வந்தது. மற்ற இரண்டு வாப்பாமாரோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு ஊசி. எங்களுக்கு? எம்ஓஎச் ஒபிஸில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக், வெல் வுமன் கிளினிக் என்றால் எல்லாருக்கும் தெரியும். 35 வயதானால் கட்டாயம் போக வேண்டும். காசில்லை. கருப்பைக் கழுத்தில் கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதிப்பார்கள், சில நிமிட வேலை. புற்றுநோயாவதற்கு முன்பே மாற்றத்தைக் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ, நாற்றமுள்ள வெள்ளை போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே டொக்டரிடம் போங்கள். தொழலாமா என்பதையும் கேளுங்கள், அதோடு இதையும்.

எங்கள் ஆசிரியைகளில் மூன்று பேருக்கு இந்த வருடம் 35. வருகிற புதன்கிழமை கிளினிக்குக்குப் போகிறோம். பயமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். காலை எட்டு மணிக்குப் பாடசாலைக் கேற்றடியில் வேன் நிற்கும். இன்னும் ஐந்து பேருக்கு இடம் இருக்கிறது. வருபவர்கள் இங்கே பெயர் போட வேண்டாம், இன்பொக்ஸில் சொல்லுங்கள்.